டோக்கியோ: டிக்கெட் எடுக்காமல் எடுத்த படங்கள்

ஞாயிறு

டோக்கியோ டவரில் காசு கொடுத்து ஏறி எடுக்கிற படத்தில் ஊரே இருக்கும், டோக்கியோ டவர் மட்டும் இருக்காது. ஸ்கைட்ரீ கோபுரத்துக்கும் இதே கதைதான். இந்த வாரம் கட்டணம் கேட்கிற எந்தக் காட்சி மாடத்திலும் ஏறுவதில்லை என்று வைத்துக்கொண்டதற்குப் பாதிக் காரணம் இது. மீதிப் பாதி காசுதான், மறைப்பானேன். பெயர்பெற்ற மாடங்களில் தலைக்கு 2000 யென்னுக்கு மேல் வாங்குகிறார்கள். ஷிபுயாவில் அந்தி நேரத்துச் சீட்டு வேண்டுமென்றால் முன்கூட்டியே பதிவு செய்தாக வேண்டும். அன்றைக்கு மேகம் மூடிவிட்டால் போச்சு.

தங்கியிருப்பது நிஷிகசாயில், கல்லூரி நண்பன் வீட்டில். நகரின் கிழக்கு ஓரம், எடோகாவா வார்டு. ஐ.டி. வேலைக்கு வந்த இந்தியக் குடும்பங்கள் இந்தப் பக்கம்தான் அதிகம். நடைபாதையில் தமிழ் காதில் விழுகிறது. என் பட்டியலைப் பார்த்ததும் நண்பன் சிரித்தான். "மாப்ள, இந்த ஊர்ல கார்ப்பரேஷன் ஆபீஸ் உச்சி மாடியே ஓசிதான். அங்க இருந்து ஆரம்பி."

டிசம்பர் முதல் வாரம். காற்று உலர்ந்திருப்பதால் தூரத்து மலையெல்லாம் தெளிவாகத் தெரியும் பருவம். சூரியன் நாலரை மணிக்கே இறங்கிவிடுவதால் இரவுப் படங்களை முடித்துக்கொண்டு சாப்பாட்டு நேரத்துக்கு வீடு திரும்பிவிடலாம். பையில் ஒரு பழைய ஃபுல் ஃபிரேம் கேமரா, 35 எம்.எம். லென்ஸ், தூரத்தை இழுத்துக்காட்டும் ஒரு 70-200 எம்.எம். லென்ஸ், மெல்லிய கறுப்பு ஸ்வெட்டர். டிரைபாடை ஊரிலேயே விட்டுவிட்டேன். இலவச மாடங்களில் அதற்கு அநேகமாகத் தடைதான்.

திங்கள்

நண்பன் சொன்ன கார்ப்பரேஷன் ஆபீஸ், ஷின்ஜுகுவில் இருக்கும் டோக்கியோ பெருநகர அரசு அலுவலகம். டாங்கே கென்சோ வடிவமைத்த இரட்டைக் கோபுரம். 243 மீட்டர். 1991-ல் அலுவலகம் இங்கே குடிவந்தது. டோக்கியோ டவரைக் கணக்கில் சேர்க்காவிட்டால், 2007 வரை டோக்கியோவிலேயே உயரமான கட்டடம் இதுதான். 45-ஆவது மாடியில், 202 மீட்டர் உயரத்தில், மக்கள் வந்து பார்க்கக் கண்ணாடி மாடம். பையைத் திறந்து காட்ட வேண்டும், லிப்டுக்கு வரிசையில் நிற்க வேண்டும். ஏறத் தொடங்கினால் ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

மூன்று மணிக்குப் போய் மேற்கு ஜன்னலோரம் இடம்பிடித்தேன். ஃபுஜி மலை இங்கிருந்து ஏறக்குறைய 100 கிலோமீட்டர். பகல் வெளிச்சத்தில் வெள்ளைத் தொப்பி மட்டும் மங்கலாகத் தெரிந்தது. சூரியன் போனபின் வானம் ஆரஞ்சாகி, மலை முழுசும் கறுப்பாக வெட்டிவைத்தாற்போல் நின்றது. அந்தப் பதினைந்து நிமிடத்துக்காகத்தான் இத்தனை பேரும் காத்திருந்தோம்.

இங்கே எதிரி கண்ணாடி. வெளியே இருட்ட இருட்ட, உள்ளே இருக்கும் கடை விளக்கெல்லாம் ஜன்னலில் தெரிய ஆரம்பிக்கிறது. ஸ்வெட்டர் அதற்குத்தான்: லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டிவைத்து, சுற்றிலும் கறுப்புத் துணியால் மூடிவிட வேண்டும். பக்கத்தில் எழுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் என்னைவிடத் தேர்ந்தவர். நடுவில் துளை வைத்த கறுப்புத் துணித் தட்டு ஒன்றை லென்ஸில் மாட்டி, குடையைப் பிடிப்பதுபோல் கண்ணாடியில் அழுத்திக்கொண்டிருந்தார். நான் பார்ப்பதைக் கவனித்துவிட்டு என் முழங்கையைத் தொட்டு, கைப்பிடிக் கம்பியில் ஊன்றிக்கொள்ளச் சொல்லிச் சைகை காட்டினார். ஊன்றினேன். ஷட்டர் 1/15 வினாடி திறந்திருந்தும் படம் ஆடாமல் வந்தது.

மாடத்தின் நடுவில் குசாமா யாயோய் வரைந்த மஞ்சள், கறுப்புப் புள்ளிகளோடு ஒரு பியானோ. வரிசையில் நின்று யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம். கோட்டு சூட்டு போட்ட அலுவலகப் பையன் ஒருவன் தோளில் மாட்டிய பையைக் கழற்றாமலே வாசித்துவிட்டுப் போனான். இன்று எடுத்தவற்றில் எனக்குப் பிடித்த படம் ஃபுஜி அல்ல, அந்தப் பைதான்.

கீழே இறங்கினால் அதே கட்டடத்தின் கிழக்குச் சுவரையே திரையாக்கி ஓடும் ஒளிக்காட்சி. 2024 பிப்ரவரியில் தொடங்கியது, கின்னஸ் சாதனை வேறு. சத்தமும் வண்ணமுமாக இருந்தது. நான் சுவருக்கு முதுகைக் காட்டி நின்று, அண்ணாந்து பார்க்கிறவர்கள் முகத்தில் நிறம் மாறுவதை எடுத்தேன்.

செவ்வாய்

டோக்கியோ ரயில் நிலையம், மருனோஉச்சி பக்கம். 1914-ல் தட்சுனோ கிங்கோ கட்டிய செங்கல் கட்டடம், 335 மீட்டர் நீளம். 35 எம்.எம். லென்ஸில் முழுசாக அடங்காது. எதிரே அரண்மனை நோக்கிப் போகும் அகலமான சாலையில் ஜிங்கோ மரங்கள் மஞ்சளாக உதிர்ந்துகொண்டிருந்தன. அங்கே கல்யாணப் படம் எடுக்க வந்த ஜோடிகளுக்குள் இடப் போட்டி. ஒரு மணப்பெண் வெள்ளை கவுனுக்குக் கீழே ஸ்போர்ட்ஸ் ஷூ போட்டிருந்தார். ஷாட் வரும்போது உதவியாளர் ஓடிவந்து கவுனை இழுத்துவிட்டு ஷூவை மறைத்துவிட்டுப் போகிறார்.

நிலையத்தை மேலிருந்து பார்க்க 'கிட்டே' (KITTE) என்ற வணிக வளாகத்தின் ஆறாம் மாடித் தோட்டத்துக்குப் போக வேண்டும். மரப் பலகைத் தரை, கொஞ்சம் புல், ஓரத்தில் கண்ணாடித் தடுப்பு. கீழே தெற்குக் குவிமாடம் கைக்கெட்டும் தூரத்தில். அதன் பின்னால் ஷின்கான்சென் என்னும் புல்லட் ரயில் வெள்ளையாக ஊர்ந்து போய் நிற்கிறது. டிரைபாட் கூடாது என்று இங்கேயும் போர்டு.

இந்த இடத்துக்கு ஒரு பின்கதை உண்டு, அது தெரிந்தபின் படம் வேறுமாதிரி ஆகிவிடுகிறது. 1945 குண்டுவீச்சில் நிலையத்தின் குவிமாடங்களும் மூன்றாம் மாடியும் எரிந்துபோயின. போருக்குப் பின் அவசரத்துக்கு இரண்டு மாடியோடு கூரை போட்டவர்கள் அறுபது வருஷத்துக்கு மேல் அப்படியே விட்டுவைத்தார்கள். பழைய வடிவம் 2012-ல்தான் திரும்பியது. செலவு சுமார் 5000 கோடி யென். அதற்குக் காசு எங்கிருந்து வந்தது என்றால், வானத்திலிருந்து. அந்த நிலத்தில் சட்டப்படி இன்னும் எத்தனையோ மாடி எழுப்பலாம், நிலையமோ மூன்றோடு நின்றுவிட்டது. கட்டாமல் விட்ட மாடிகளுக்கான உரிமையைச் சுற்றியிருக்கும் வானளாவிகளுக்கு விற்றார்கள். வாங்கியவற்றுள் ஒன்று, 'கிட்டே' வளாகம் இருக்கும் இந்தக் கோபுரம். ஆக, நிலையம் விற்ற வானத்தை வாங்கியவர் மாடியில் நின்றுகொண்டு நிலையத்தைப் படம் பிடிக்கிறோம். சுற்றிலும் கண்ணாடிக் கட்டடங்கள் அவ்வளவு உயரமாகவும், நடுவில் இது இவ்வளவு தாழ்வாகவும் இருப்பதை ஒரே சட்டத்துக்குள் கொண்டுவரத்தான் மெனக்கெட்டேன்.

நல்ல நேரம் நாலே முக்காலிலிருந்து ஐந்தேகால் வரை. வானத்தில் நீலம் மிச்சமிருக்கும்போதே நிலையத்தின் விளக்குகள் எரிய ஆரம்பிக்கின்றன. தடுப்பின் மேல் விளிம்பில் முழங்கை, ஐ.எஸ்.ஓ. (கேமராவின் ஒளி உணர்திறன்) 3200, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு கிளிக். நீலம் கறுத்துவிட்டால் கிளம்பிவிடலாம்.

புதன்

மழை. காலையில் ரொப்போங்கியில் ஃபுஜிஃபில்ம் ஸ்கொயருக்குப் போனேன். புகைப்படக் கண்காட்சியும் பழைய கேமராக்களின் சின்ன அருங்காட்சியகமும் சேர்ந்த இடம், அனுமதி இலவசம். ஒருமுறை எடுத்துவிட்டுத் தூக்கிப்போடும் ஃபிலிம் கேமராவை 1986-ல் இவர்கள் கொண்டுவந்தார்கள், அதுவும் அலமாரியில் இருக்கிறது. நனையாமல் பொழுது போனது.

ஷிபுயாவுக்கு மழையில்தான் போக வேண்டும் என்று நண்பன் சொல்லியிருந்தான். அந்தப் பிரபலமான குறுக்குச் சந்தியை மேலிருந்து பார்க்கக் காபிக் கடை ஜன்னலோரத்துக்கு அடித்துக்கொள்வார்கள், காசுக்குக் கண்ணாடி மாடங்களும் உண்டு. ஒரு யென் செலவில்லாத ஜன்னல் ரயில் நிலையத்துக்கு உள்ளேயே இருக்கிறது. ஜே.ஆர். ரயில் பக்கத்திலிருந்து இனோகஷிரா லைனுக்குப் போகும் மேல் நடைவழி. அதன் பெரிய கண்ணாடி நேரே சந்தியைப் பார்க்கிறது.

ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டு நிற்பவர்களில் முக்கால்வாசிப் பேர் திரும்பிப் பார்ப்பதில்லை. பின்னால் சுவர் முழுக்க, 30 மீட்டர் நீளத்துக்கு ஒகமோட்டோ டாரோவின் 'நாளைய தொன்மம்'. அணுகுண்டு வெடிக்கும் கணம். நடுவில் எரிந்துகொண்டே எழுந்து நிற்கும் ஓர் எலும்புக்கூடு. 1968, 69-ல் மெக்சிகோவில் ஒரு ஹோட்டலுக்காக வரைந்தது. ஹோட்டல் திறக்கவே இல்லை, ஓவியம் எங்கோ காணாமல் போய், 2003-ல் மெக்சிகோ நகரத்துக்கு வெளியே ஒரு கிடங்கில் கிடைத்தது. 2008-லிருந்து இங்கே இருக்கிறது. வேலைக்குப் போகிற கூட்டம் அதைத் தோளால் உரசாத குறையாகக் கடந்து போகிறது. நெருப்புக்கு முன்னால் குடையை உதறுகிற ஆட்கள்: இதற்காக மட்டும் ஒரு மணி நேரம் நின்றேன்.

அப்புறம் ஜன்னல். சிக்னல் மாறியதும் எல்லாத் திசையிலிருந்தும் ஒரே நேரத்தில் மக்கள் இறங்குகிறார்கள். மழை என்பதால் குடைகள். டோக்கியோவில் பாதிப் பேர் பிடிப்பது தெளிந்த பிளாஸ்டிக் குடை, எந்தக் கடையிலும் கிடைக்கும் மலிவுச் சரக்கு. மேலிருந்து பார்த்தால் குடை வழியே ஆளும் தெரியும், போன் திரை வெளிச்சமும் தெரியும், ஈரத் தார்ச்சாலையில் விளம்பர விளக்குகள் ஒழுகுவதும் தெரியும். ஜன்னல் விளிம்பில் கேமராவை வைத்துக் கால் வினாடிக்கு ஷட்டரைத் திறந்தேன். நடப்பவர்கள் கலைந்து போக, நடுவில் நின்று செல்ஃபி எடுத்த ஒரே ஒரு பெண் மட்டும் கூர்மையாகப் பதிந்திருந்தார்.

ஜன்னலோரம் எங்கும் போன் கிளிக் சத்தம். ஜப்பானில் விற்கும் பெரும்பாலான போன்களில் அந்தச் சத்தத்தை அணைக்க முடியாது. மறைந்திருந்து அடுத்தவரைப் படம் பிடிப்பதைத் தடுக்கச் செய்த ஏற்பாடு. முகம் அடையாளம் தெரிகிற மாதிரி எடுத்து வெளியிடுவதை இங்கே ரொம்பப் பேர் விரும்புவதில்லை. கூட்டத்தை மேலிருந்து எடுப்பதில் அந்தச் சங்கடம் குறைவு. ஷின்ஜுகுவின் கோல்டன் காய் சந்துகளில் அனுமதியில்லாமல் எடுக்கக் கூடாது என்று போர்டே உண்டு, அதனால் அதைப் பட்டியலில் சேர்க்கவில்லை.

வியாழன்

விடிவதற்குள் அசகுசா. சென்சோஜி கோயில் வளாகத்துக்குப் பூட்டு கிடையாது. பகலில் கால் வைக்க இடமில்லாத நகமிசே கடைத்தெரு ஆறு மணிக்கு வெறிச்சென்று கிடக்கிறது. கடைகள் மூடியிருந்தால்தான் ஷட்டர்களில் வரைந்திருக்கும் திருவிழாப் படங்களைப் பார்க்க முடியும், அதனால் தூக்கத்தைத் தியாகம் செய்வது வீணல்ல.

வாசலில் தொங்கும் சிவப்பு விளக்கு கிட்டத்தட்ட 4 மீட்டர் உயரம், 700 கிலோ. 1960-ல் பானசோனிக் நிறுவனர் மட்சுஷிதா கோனோசுகே காணிக்கையாகக் கொடுத்தார். மூட்டுவலி தீர்ந்ததற்கு நேர்த்திக்கடன் என்கிறார்கள். எல்லோரும் எதிரே நின்று எடுப்பார்கள். நேர் அடியில் போய் அண்ணாந்து பாருங்கள்: பித்தளை வளையத்துக்குள் மரத்தில் செதுக்கிய டிராகன் சுருண்டிருக்கிறது. 35 எம்.எம். போதும். கழுத்து வலிக்கும்.

ஒன்பது மணிக்கு மேல் எதிரே இருக்கும் சுற்றுலாத் தகவல் மையம். குமா கெங்கோவின் வடிவமைப்பு, 2012. சின்னச் சின்ன மர வீடுகளை ஒன்றின் மேல் ஒன்று அடுக்கியதுபோல் இருக்கும். எட்டாம் மாடியில் திறந்த மொட்டைமாடி, கண்ணாடி கிடையாது, ஆகவே ஸ்வெட்டருக்கு வேலை இல்லை. ஒரு பக்கம் கடைத்தெரு நூல் பிடித்தாற்போல் கோயில் வரை ஓடுவது தெரிகிறது. இன்னொரு பக்கம் ஆற்றுக்கு அப்பால் 634 மீட்டர் ஸ்கைட்ரீ, அதன் அருகே பியர் கம்பெனிக் கட்டடத்தின் மேல் பிலிப் ஸ்டார்க் வைத்த தங்கச் சுடர். ஊர்க்காரர்கள் அந்தச் சுடருக்கு வைத்திருக்கும் பட்டப்பெயரை இங்கே எழுத முடியாது. காலையில் அந்தப் பக்கம் எதிர்வெயில், ஸ்கைட்ரீ எடுக்க மத்தியானத்துக்கு மேல் வாருங்கள்.

வெள்ளி

ரெயின்போ பாலத்தைக் கார்க்காரர்கள் பார்ப்பதைவிட நடப்பவர்கள் நன்றாகப் பார்க்கலாம். 1993-ல் திறந்த தொங்குபாலம். கீழ்த்தளத்தில் இரண்டு பக்கமும் நடைபாதை, காசில்லை. வடக்கு வழியில் துறைமுகமும் டோக்கியோ டவரும். தெற்கு வழியில் ஒதாய்பா செயற்கைத் தீவு, நாள் நன்றாக இருந்தால் ஃபுஜி. ஷிபவுரா கரையில் லிப்ட் ஏறி, வடக்கு வழியை எடுத்தேன். குளிர்காலத்தில் ஆறு மணிக்கு மூடிவிடுவார்கள், ஐந்தரைக்கு மேல் உள்ளே விடமாட்டார்கள். சூரியன் சீக்கிரம் போவதால், அது இறங்கியபின் வானம் நீலமாக நிற்கும் நேரம் அதற்குள் அடங்கிவிடுகிறது. கோடையில் ஒன்பது மணி வரை உண்டு.

அழகான அனுபவமா என்றால் இல்லை. பக்கத்திலேயே லாரிகள் ஓடுகின்றன, சத்தத்தில் நம் குரல் நமக்கே கேட்காது, டீசல் வாடை வேறு. ஒவ்வொரு கன்டெய்னர் லாரி போகும்போதும் தரை அதிர்கிறது. கேமராவை எங்கே ஊன்றினாலும் அந்த அதிர்வு ஏறிவிடும், எனவே ஊன்றாமல் கையில் பிடிப்பதுதான் மேல். லாரி வரிசையில் இடைவெளி விழுந்ததும் எடுக்க வேண்டும். வேலி குறுக்கே வராமலிருக்க லென்ஸ் முகப்பை அதோடு ஒட்டிவைத்து, அபர்ச்சரை, அதாவது லென்ஸின் துளையை, நன்றாகத் திறந்துவிட்டால் கம்பி கரைந்துபோகும். கீழே படகு ஒன்று வெள்ளைக் கோடு போட்டுக்கொண்டு போனது. அந்தக் கோட்டின் முனையில் டோக்கியோ டவர் வரட்டும் என்று நின்று, விறைத்த விரலால் எடுத்த படம் இந்த வாரத்தின் சிறந்த படம். காசு கட்டிய மாடத்தில் வெதுவெதுப்பாக நின்று எடுக்கக் கிடைக்காது இது.

திரும்பும் வழியில் ஜோஜோஜி கோயில். ஜப்பானை ஆண்ட தோகுகவா ஷோகன்கள் (ராணுவ ஆட்சியாளர்கள்) ஆறு பேரின் சமாதி இங்கே. பிரதான மண்டபத்தின் கறுத்த கூரைக்குப் பின்னால் 333 மீட்டர் டோக்கியோ டவர், குளிர்காலத்துக்கான ஆரஞ்சு விளக்கில். 1958-ல் கட்டியது, அதன் இரும்பில் ஒரு பகுதி, கொரியப் போருக்குப் பின் கழித்துக்கட்டிய அமெரிக்க டாங்கிகளை உருக்கி எடுத்தது. டவரைப் படம் பிடிக்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. வளாகத்தின் ஒரு ஓரத்தில் சிவப்புத் தொப்பி போட்ட சின்னச் சின்ன ஜிசோ சிலைகள், பக்கத்தில் காற்றாடிகள். இழந்த குழந்தைகளுக்காக வைப்பவை. அங்கே கேமரா பையிலேயே இருந்தது.

சனி

நண்பன் மகளுக்கு லீவு. ஆறு வயது. ரயில் பார்க்க வேண்டுமாம், சரி என்று நிப்போரி நிலையத்துக்கு வெளியே ஷிமோகோயின்டென் பாலத்துக்குக் கூட்டிப்போனோம். அடியில் யமனோட்டே லைனிலிருந்து ஷின்கான்சென் வரை வரிசையாகத் தண்டவாளங்கள், ஒரு நிமிடம் சும்மா இருக்காது. பேரப்பிள்ளைகளோடு தாத்தாக்கள், பெரிய லென்ஸோடு ரயில் பைத்தியங்கள். பச்சை ஹயபுசா, சிவப்புக் கோமச்சி என்ற இரண்டு ஷின்கான்சென் ரயில்களும் மூக்கோடு மூக்கு கோத்துக்கொண்டு போவதைப் பார்த்து அவள் போட்ட கூச்சலில் பக்கத்துத் தாத்தா தன் பேரனுக்கு வைத்திருந்த மிட்டாயில் ஒன்றை அவளிடம் நீட்டினார்.

மத்தியானம் வீட்டுப் பக்கத்திலேயே கசாய் கடற்கரைப் பூங்கா. வலசைப் பறவைகளுக்கான ராம்சார் ஈரநிலம், 2018-லிருந்து. மேற்குக் கடற்கரையில் நின்றால் நீரில் வாத்துக் கூட்டம், அதற்கப்பால் டோக்கியோ கேட் பாலம், அதற்கும் பின்னால் ஃபுஜி.

"மாமா, அந்தப் பாலம் டைனோசர் மாதிரி இருக்கு."

ஊரே அதை டைனோசர் பாலம் என்றுதான் சொல்கிறது. 2012-ல் திறந்தது. அடியில் பெரிய கப்பல் போக வேண்டும், ஆகவே உயரம் வேண்டும். பக்கத்தில் ஹனேடா விமான நிலையம், ஆகவே தொங்குபாலத்துக்கு வேண்டிய நெட்டைத் தூண்களை எழுப்ப முடியாது. இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட பொறியாளர்கள் இரும்புச் சட்டப் பாலமாகக் கட்டிவிட்டார்கள், தலையும் தலையும் எதிரெதிரே நிற்கும் இரண்டு டைனோசர் கிடைத்தது. 200 எம்.எம்.-இல் பாலமும் மலையும் ஒன்றாக நெருங்கி வருகின்றன. சூரியன் மலைக்கு இடப்பக்கம் இறங்கியது. ஐந்து மணிக்குக் கடற்கரையை மூடுகிறார்கள், அதனால் இருட்டும்வரை நிற்க முடியாது.

"இதுக்கா மாப்ள ஒரு வாரமா ஊரைச் சுத்தின? வீட்டுல இருந்து பத்து நிமிஷம்," என்றான் நண்பன். அவன் இங்கே வந்து பத்து வருஷமாகிறது, இந்தப் பக்கம் சாயங்காலம் வந்ததில்லையாம்.

ஞாயிறு

ஹனேடா, மூன்றாம் டெர்மினல். பெட்டியைப் போட்டாயிற்று. பாதுகாப்புச் சோதனைக்கு முன்னாலேயே ஐந்தாம் மாடியில் திறந்த காட்சி மாடம் இருக்கிறது, டிக்கெட் இல்லாதவர்களும் வரலாம். வழியனுப்ப வந்தவர்களும் கேமராக்காரர்களும் கலந்து நிற்கிறார்கள். வடக்குக் காற்று அடிப்பதால் விமானங்கள் கடல் பக்கமிருந்து வந்து எதிரே இறங்குகின்றன. 200 எம்.எம்.-இல் சக்கரம் தரையைத் தொட்டுக் கிளப்பும் புகை கிடைக்கிறது, ஆனால் ஷட்டர் வேகம் 1/1000 வினாடிக்குக் குறையக் கூடாது. ஒன்றாம், இரண்டாம் டெர்மினல்களிலும் இதேபோல் மாடம் உண்டு. உள்நாட்டு விமானங்கள் வேண்டுமென்றால் அங்கே போங்கள், இடையில் இலவச பஸ் ஓடுகிறது. எனக்கு போர்டிங் அழைத்துவிட்டார்கள். படங்களைப் பொறுக்கியெடுத்து ஊருக்குப் போய்ப் போடுகிறேன்.